வண்டி வருமுன்பே தீர்மானமாகும் தீ

திருகோணமலைத் துறைமுகம் என்றதும் ஆழம், அழகு, வல்லரசுகளின் கண் என்று பேச்சு போகும். எனக்கு அந்தக் கரையைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு கணக்கு மனதில் ஓடும். சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள், அதற்கு அருகே விமானப்படைத் தளம். குடாக் கரையில் பிறிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும். கொட்பேயில் பைபர் படகுகள், டொக்யார்ட்டுக்குள் போர்க்கப்பல்கள். இத்தனைக்கும் இடையில் ஒடுங்கிய ஒழுங்கைகளும் கிடுகு வேலிகளும் தகரக் கூரைகளுமாக நாங்கள் குடியிருக்கும் ஊர். இங்கே ஒரு பெரிய தீ பிடித்தால் யார் வருவார்கள்? எதைக் கொண்டு வருவார்கள்? தண்ணீரை எங்கிருந்து எடுப்பார்கள்?

இந்தக் கேள்விகளோடு கொஞ்சக் காலமாக வாசித்ததையும், தீயணைப்பு வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டதையும் இந்தப் பதிவில் சேர்த்து எழுதுகிறேன். பதிவு நீளம்தான். ஆனால் துறைமுக ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது யோசிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் பழைய கதையிலிருந்து வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை, நான்கு நாள் கழித்து ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைக்கு விமானங்களை அனுப்பியது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அதே நாளில்தான். இங்கே துறைமுகத்துக்குள் நின்ற ‘சாகைங்’ என்ற கப்பல் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. ஆட்கள் அதைக் கைவிட்டு இறங்கினார்கள். எரிந்த அந்த உடலை அடுத்த ஆண்டு துறைமுகத்துக்குள்ளேயே தாழ்த்தி இறங்குதுறையாக்கினார்கள். ஏறக்குறைய 75 ஆண்டு நீரடியில் கிடந்த அதை, கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் பாடுபட்டு 2018 மார்ச்சில் மேலே மிதக்கவிட்டார்கள்.

அன்றைக்கே சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றும் எரிந்தது. ஜப்பானிய விமானமொன்று அதன்மீதே வந்து மோதியதாகவும் ஏழு நாள் எரிந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. பிரித்தானியர் அங்கே கட்டிய தாங்கிகள் 101. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். போர் நடக்கும் நேரம், வானத்திலிருந்து குண்டு விழுகிறது, ஒரு தாங்கி பற்றி எரிகிறது. ஆனாலும் மற்ற நூறும் தப்பிவிட்டன. பின்னாளில் ஒரு விமான விபத்தில்தான் இன்னொன்று போனது. மீதி 99 இன்றும் நிற்கின்றன.

அந்தத் தாங்கிகளை அடுக்கி வைத்தாற்போலக் கட்டவில்லை. காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்த் தாங்கித் தீயில் முதல் வேலை, எரிகிற தாங்கியை அணைப்பதை விடப் பக்கத்துத் தாங்கியைச் சூடேறவிடாமல் காப்பதுதான். இடைவெளி இருந்தால் அந்த வேலையில் பாதி தானாக முடிந்துவிடும். இடைவெளிக்கு எரிபொருள் வேண்டாம், சாரதி வேண்டாம், ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவும் வேண்டாம். மிகப் பழைய தீயணைப்புக் கருவி அதுதான்.

2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த தாங்கிகளைத் திரும்பப் பாவனைக்குக் கொண்டுவரும் பேச்சு தொடர்ந்து நடக்கிறது. வேலை வரும், வருமானம் வரும், நல்லது. எண்ணெய் நிரம்பும் ஒவ்வொரு தாங்கியோடும் நுரையும் நீரும் ஆளும் சேர்ந்து பெருக வேண்டும் என்பதையும் அதே பேச்சில் வைத்துப் பேச வேண்டும்.

ஏன் நுரை? எரிகிற எண்ணெயின்மேல் தண்ணீரை ஊற்றினால் அது எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்கிவிடும். தீ மேலே எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீரோடு நூற்றுக்கு மூன்று அல்லது ஆறு பங்கு நுரைத்திரவம் கலந்து, காற்றோடு பீய்ச்சினால் வரும் நுரை எண்ணெயின் மேற்பரப்பில் மிதந்து பரவி, ஆவியை மேலே எழவிடாமல் மூடிவிடும். மசகெண்ணெய் போன்ற கனத்த எண்ணெய்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தாங்கியின் அடியில் தேங்கியிருக்கும் நீர்வரைக்கும் வெப்பம் மெல்ல மெல்ல இறங்கும். அது போய்த் தொட்டதும் நீர் ஆவியாகி 1,700 மடங்கு பெருகும். அப்போது எரியும் எண்ணெய் தாங்கிக்கு வெளியே தூக்கி எறியப்படும். மணிக்கணக்காக அமைதியாக எரிந்த தீ ஒரு நொடியில் அப்படி வெடித்துக் கிளம்பலாம். அதனால்தான் பழக்கப்பட்ட தீயணைப்பாளர் எரியும் தாங்கிக்குக் கிட்டப் போக அவசரப்படமாட்டார்.

சரி, இங்கே யார் வருவார்கள்? தமிழ்நாட்டில் என்றால் மாநிலம் முழுவதற்கும் ஒரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கன்னியாகுமரியில் இருந்தாலும் கும்மிடிப்பூண்டியில் இருந்தாலும் ஒரே சீருடை, ஒரே பயிற்சி. இலங்கையில் அப்படியில்லை. நகரத் தீயணைப்பு உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. எங்கள் ஊர்த் தீயணைப்புப் பிரிவும் நகர மன்றத்தைச் சேர்ந்ததே. குப்பை அள்ளுவதற்கும் வடிகால் துப்புரவாக்குவதற்கும் பணம் தேடுகிற அதே கைதான் தீயணைப்பு வண்டிக்கும் தேட வேண்டும். இதைத் தவிரக் கடற்படை, விமானப்படை, துறைமுகம், எண்ணெய் நிலையம், ஆலைகள் என்று ஒவ்வொரு மதிலுக்குள்ளும் அவரவர் ஏற்பாடு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஊரில் கருவிக்குப் பஞ்சமில்லை போலத் தோன்றும். ஆனால் தீ மதிலைத் தாண்டும்போது இந்தக் கைகள் எல்லாம் எவ்வளவு விரைவாக ஒன்றுசேரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடற்கரையில் நடந்த ஒரு பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. கடல்நீரை உறிஞ்சி வண்டியின் பம்பால் பீய்ச்சுகிற பயிற்சி. எழுதும்போது ஒரு வரியில் முடிகிற வேலை, செய்யும்போது எத்தனை நுணுக்கம்! உறிஞ்சு குழாய் சாதாரண ஹோஸ் போலச் சுருட்டுகிற துணிக்குழாய் அல்ல, உள்ளே கம்பிச் சுருள் வைத்த தடித்த ரப்பர். நீளம் நீளமாக இருக்கும் துண்டுகளைத் திருகி, சாவி போட்டு இறுக்குகிறார்கள். நுனியில் வடிகட்டி. கடற்பாசியும் பொலித்தீனும் அடைத்துவிடாதபடி அதற்கு வெளியே ஒரு கூடை. குழாய் தன் பாரத்தில் இறங்கிப் போகாமலும் மணலில் புதையாமலும் கயிற்றால் பிடித்துக் கட்டுகிறார்கள். பிறகு குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றும் பிறைமரை ஓடவிடுகிறார்கள். பம்பில் நிற்பவர் மானியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஏதாவது ஒரு மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றுப் புகுந்துவிடும், தண்ணீர் ஏறாது. அன்றைக்கு முதலில் ஏறவில்லை. நடு மூட்டைக் கழற்றினார்கள். ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தது. துடைத்து மாட்டினார்கள். பம்பின் சத்தம் சட்டென்று கனத்தது, ஹோஸ் நிலத்தில் புரண்டு நிமிர்ந்தது, தண்ணீர் சீறிக்கொண்டு போனது.

பக்கத்தில் நின்ற மூத்தவரிடம், “அண்ணே, வண்டியிலதான் தண்ணி இருக்கே, பிறகு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்டேன்.

“தம்பி, வண்டியில கொண்டு வாறது தொடங்குறதுக்குத்தான். முடிக்கிறது வேற தண்ணி. அது எங்க கிடக்குதெண்டு முதலே தெரிஞ்சிருக்க வேணும்” என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 4,500 லீற்றர் கொள்ளும் ஒரு வண்டி. ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 450 லீற்றர் பீய்ச்சினால் பத்து நிமிடம். இரண்டு ஹோஸ் என்றால் ஐந்து நிமிடம். அதற்குள் தண்ணீர் பவுசர் வர வேண்டும், அல்லது வீதியோர நீர்க்குழாயில் இணைப்பு கிடைக்க வேண்டும், அல்லது கிணறோ குளமோ கடலோ கைக்கெட்ட வேண்டும். பம்பு எவ்வளவு பெரிதானாலும் நீரை உறிஞ்சி ஏற்றும் உயரத்துக்கு எல்லை உண்டு. காற்றழுத்தம் கணக்குப்படி பத்து மீற்றர்வரை தூக்கும். நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. எங்கள் கடலில் ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பது எங்களுக்கு வாய்த்த நன்மை. காலையில் நீர் எட்டிய இறங்குதுறையில் மாலையிலும் எட்டும். ஆனால் வண்டி அந்த நீரோரம்வரை போய் நிற்க வழி வேண்டும். கரையெல்லாம் கடையும் மதிலும் வாகனத் தரிப்பிடமுமாக அடைபட்டால் உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் ஓரத்தில் இருந்துகொண்டே தண்ணீருக்குத் தவிப்போம்.

கடல்நீரால் வேலை செய்தால் பிறகு செய்யும் வேலையும் கூடும். நல்ல தண்ணீரை ஓடவிட்டுப் பம்பைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு உள்ளே அரித்துவிடும். ஹோஸைக் கழுவி, நிமிர்த்தி, உலரவிட்டு, போன முறை மடிந்த இடத்திலேயே மறுபடி மடியாதபடி சுற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்த பயிற்சியிலும் தண்ணீர் பீய்ச்சிய நேரத்தைவிடக் கழுவி அடுக்கிய நேரமே அதிகம். சைரன் சத்தம் மட்டும் கேட்கும் எங்களுக்கு இந்த வேலை கண்ணில் படுவதில்லை. அடுத்த அழைப்பில் ஹோஸ் வெடிக்காமல் இருப்பது இதனால்தான்.

ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளை இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1904 பெப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் தீ பற்றியது. வொஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க்கிலிருந்து எல்லாம் உதவிக்கு வண்டிகள் வந்தன. வந்தவர்களில் பலரின் ஹோஸ்கள் அந்த நகரத்து நீர்க்குழாய்களில் பொருந்தவில்லை, மரை வேறு. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. உதவி வந்து நின்றும் இணைய முடியாமல் போன கதை அது. எங்கள் ஊரில் கடற்படை, விமானப்படை, துறைமுகம், எண்ணெய் நிலையம், நகர மன்றம் என்று ஐந்து கைகள் இருக்கும்போது, ஐந்தின் ஹோஸும் ஒன்றோடொன்று பொருந்துமா, பொருந்தாவிட்டால் மாற்று இணைப்பு எந்த வண்டியில் இருக்கிறது, ஒருவர் வானொலியில் பேசுவது மற்றவருக்குக் கேட்குமா, களத்தில் கட்டளை யாருடையது என்பதை ஒரு கூட்டுப் பயிற்சி நாளில் பார்த்துவிட வேண்டும். தீ நாளில் பார்க்கும் விஷயமல்ல அது.

இனிக் கப்பலுக்கு வருவோம். 2020 செப்டெம்பர் 3 அன்று கிழக்குக் கரையில் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலின் எந்திர அறையில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த அதில் 2,70,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படை, விமானப்படை, இந்தியக் கரையோரக் காவல்படை எல்லாம் சேர்ந்து போராடி அணைத்த தீ மறுபடியும் பற்றியது. ஒருவழியாகச் செப்டெம்பர் 9 அன்றே முற்றாக அடங்கியது. அந்த ஒரு வாரமும் நாங்கள் செய்தி பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பின்புறம் எரிந்துகொண்டிருக்க, முன்னால் இருக்கிற எண்ணெய் அறைகளின் பக்கம் சூடு போகாமல் இடைவிடாமல் நீரடித்தார்கள். 1942இல் காட்டுக்குள் இடைவெளி செய்த வேலையை, கடலில் தண்ணீர் செய்ய வேண்டியிருந்தது.

இப்படியான தீக்கு வேண்டியது தீயணைப்பு வசதியுள்ள இழுவைக் கப்பல். உலகத் தரப்படி அதன் முதல் வகுப்பு என்றால் மணிக்கு 2,400 கனமீற்றர் நீரை 120 மீற்றர் தூரம் பீய்ச்ச வேண்டும். மேலே சொன்ன நகர வண்டியின் 4,500 லீற்றரும் அந்த வேகத்தில் ஏழு விநாடிக்குத்தான் காணும். துறைமுகத் தீயும் வீட்டுத் தீயும் எவ்வளவு வேறானவை என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

ஆனால் கப்பலில் தண்ணீரையும் அளந்துதான் அடிக்க வேண்டும். 1942 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ‘நோர்மண்டி’ என்ற பெரிய பயணிகள் கப்பலில் பிடித்த தீயை அணைத்தே விட்டார்கள். மேல்தளங்களில் தேங்கிய தண்ணீரின் பாரத்தில் கப்பல் கரையோரத்திலேயே சரிந்து விழுந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி ஒன்று இருக்கிறது. அது ஒரு தாள்: உள்ளே என்ன சரக்கு, எங்கே, எவ்வளவு என்று சொல்லும் பட்டியல். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஒரே கப்பலில் ஏற்றிவந்த ‘போர்ட் ஸ்டிக்கின்’ வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர் நினைவு நாளாக இருப்பது அவர்களுக்காகத்தான். 2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் களஞ்சியத் தீக்கு அனுப்பப்பட்ட பத்துப் பேர், உள்ளே 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று இருப்பது தெரியாமலே போய் இறந்தார்கள். கொழும்புக்கு அப்பால் 2021 மே மாதம் எரியத் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலிலும் நைத்திரிக் அமிலம் இருந்தது. களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பது உரிமையாளருக்கு மட்டும் தெரிந்த வியாபார இரகசியமாக இருக்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்தின் சுவரில் அது இருக்க வேண்டும். மா ஆலைக்கும் இது பொருந்தும். மாத்தூள் காற்றில் பறக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும் என்பது ஆலைக்காரருக்குத் தெரியும். உள்ளே நுழைகிற தீயணைப்பாளருக்கும் எந்தக் கட்டடத்தில் எந்தத் தளத்தில் தூள் நிற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய தீ எப்போதாவதுதான் வரும். தீயணைப்பாளரின் அன்றாடம் வேறு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த புல்லும் குப்பைமேடும் பற்றும். காற்று மணலையும் பொறியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு ஓடும். வாடைக் காலத்தில் வீதியில் மரம் விழும், தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும். இந்த அழைப்புகளுக்கு வண்டி போக வழியும் வேண்டும். நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போக வள்ளத்தையோ படகுப் பாதையையோ நம்பியிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் எங்கள் மாவட்டத்தின் தீயணைப்புக்கும் பெரிய உதவி. அவசர வண்டிக்குப் பாலமும் ஒரு கருவிதான்.

புகை நிறைந்த வீட்டுக்குள் போகிறவர் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரையும் எண்ணிப் பாருங்கள். ஆறு லீற்றர் கொள்ளும் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் 1,800 லீற்றர் காற்று. புத்தகக் கணக்குக்கு 45 நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது மூச்சு இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். காற்றுக் குறைந்தால் விசில் அடிக்கும். அந்த விசிலுக்கு முன்பே வெளியே வரப் பழக வேண்டும். இந்த வெயிலில், தடித்த உடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு இதைச் செய்கிற பிள்ளைகளுக்கு நல்ல உடையும் ஒழுங்கான பயிற்சியும் கேட்பது சலுகை கேட்பதாகாது. அவர்களுக்குக் கொடுக்கிற ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

எங்கள் பங்கும் இருக்கிறது. 2021 இறுதியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்ததையும், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலைப் போத்தலிலும் கேனிலும் வீட்டுக்குள் வைத்ததையும் மறந்துவிடாதீர்கள். காஸ் மணம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். சட்டி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். கடையில் தொங்கும் தீயணைப்புச் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். சிறிய பவுடர் சிலிண்டர் இருபது விநாடிக்கு மேல் வராது. பின்னைக் கழற்றி, சுவாலையில் அல்ல, தீயின் அடியில் அடிக்க வேண்டும். வெளியே ஓடும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன். ஊரை நடத்துகிறவர்களுக்கு: கடற்படை, விமானப்படை, துறைமுகம், எண்ணெய் நிலையம், ஆலைகள், நகர மன்றம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே களத்தில் பயிற்சி செய்யுங்கள். கரையில் வண்டி இறங்கி நீரெடுக்கும் இடங்களைக் குறித்து, அவற்றை யாரும் அடைக்காதபடி காப்பாற்றுங்கள். கடை, களஞ்சியம் வைத்திருப்பவர்களுக்கு: உங்களிடம் இருக்கும் சரக்கின் பட்டியலைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவையுங்கள். வீட்டுக்காரருக்கு: ஒழுங்கை வாயிலில் வாகனத்தை விடாதீர்கள், ஒரு வண்டி போக வழி வையுங்கள். தீயணைப்புக்கு 110, இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இவற்றோடு எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் கேட்டு வாங்கி, இன்றைக்கே தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.